சீன அரசியல் பாப் கலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீன அரசியல் பாப் கலை என்று எதைக் குறிப்பிடுகிறோம்?

1980களின் கடைசியில் தோன்றி 1990களின் நடுப்பகுதிவரை சீனாவில் வலுவாக இருந்த ஓர் ஓவியப் போக்கை இப்பெயரால் குறிப்பிடுகிறோம். விளம்பரம், அச்சுப் படம் முதலிய வெகுமக்கள் காட்சிகளைக் கலைப்பொருளாக்குவதே பாப் கலை. பண்பாட்டுப் புரட்சி (1966–76) என்னும் அரசியல் கொந்தளிப்பின் காலத்துப் பரப்புரைச் சுவரொட்டிகளில் மக்கள் பார்த்துப் பழகிய தொழிலாளி, குடியானவர், படைவீரர் உருவங்களும் கம்யூனிஸ்ட் சீனாவின் தலைவர் மாவோவின் முகமும் ஒருபுறம். பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பின் நாட்டுக்குள் வந்த கோகோ கோலா, கோடாக், மார்ல்பரோ முதலிய வணிகச் சின்னங்கள் மறுபுறம். இவ்விரண்டையும் ஒரே கித்தானில், ஒரே தட்டையான வண்ணப் பூச்சில் சேர்த்து வைத்ததே இதன் அடிப்படை. அறிக்கை வெளியிட்டு, உறுப்பினர் சேர்த்து இயங்கிய குழு எதுவும் இதற்கு இல்லை. வூஹான், ஷாங்காய், பெய்ஜிங் முதலிய நகரங்களில் தனித்தனியே வரைந்துகொண்டிருந்தவர்களின் படைப்புகளில் ஒரு பொதுத்தன்மையைக் கண்டு, 1990களின் தொடக்கத்தில் இப்பெயரைச் சூட்டியவர் கலை விமர்சகர் லி ஷியன்டிங்.

எல்லா ஓவியங்களிலும் வணிகச் சின்னம் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஷாங்காய் ஓவியர்கள் அச்சிட்ட துணியின் பூக்களைப் பயன்படுத்தினர். இன்னொருவர் வீடியோ விளையாட்டின் திரையை எடுத்துக்கொண்டார். ஆயிரக்கணக்கில் படியெடுத்துப் பரப்புவதற்கென்றே உருவான ஒரு காட்சிமொழியை எடுத்து, அதையே ஓவியத்தின் பொருளாக்கியது இவர்கள் அனைவருக்கும் பொது.

இதன் முதன்மையான எடுத்துக்காட்டு எது? அதை எப்படிப் பார்ப்பது?

வாங் குவாங்யி 1990இல் தொடங்கிய ‘பெரும் விமர்சனம்’ என்ற தொடரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில், முதலாளித்துவ வழியினர் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்களைச் சுவர்த் தாள்களிலும் கூட்டங்களிலும் தாக்கிய இயக்கங்களுக்கு வழங்கிய பெயரையே வாங் தம் தொடருக்குத் தலைப்பாக வைத்தார். அதில் மிகவும் அறியப்பட்டது கோகோ கோலா ஓவியம். சட்டைக் கையை மடித்துவிட்ட வலிய கைகளோடு உழைப்பாளர் உருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி நின்று, ஒரே திசையில் உறுதியாக நோக்குகின்றன. முகங்கள் மஞ்சள், நிழல்கள் கருப்பு, பின்புலம் சிவப்பு. அவற்றின் அருகே, அச்சில் எப்படி வருமோ அப்படியே, கோகோ கோலாவின் வெள்ளை எழுத்துகள்.

இந்த உருவங்களை வாங் புதிதாகக் கற்பனை செய்யவில்லை. பண்பாட்டுப் புரட்சியின்போது தொழிற்சாலை, பள்ளி, கிராமக் குழு என எல்லா இடங்களிலும் கரும்பலகைச் செய்திகளும் சுவர்ச் செய்தித்தாள்களும் இருந்தன. அவற்றின் தலைப்புப் பகுதியை அலங்கரிக்க, யார் வேண்டுமானாலும் பார்த்து வரையத்தக்க மாதிரிப் படங்கள் சிறு தொகுப்புகளாக அச்சிடப்பட்டன. மரச்செதுக்கு அச்சின் தடித்த கோடுகளோடு, இரண்டு மூன்று வண்ணங்களில், பயிற்சி குறைந்த கையாலும் வரைய முடிகிற உருவங்கள் அவை. அந்தத் தலைமுறையில் ஓரளவு வரையத் தெரிந்த சிறுவர்களுக்குக் கிடைத்த முதல் ‘ஓவிய வேலை’ பெரும்பாலும் இத்தகையதே. எண்ணெய் வண்ணத்தில், பெரிய கித்தானில் அதைத் திரும்ப வரைவது வாங் குவாங்யியின் தலைமுறைக்குக் கை மறக்காத ஒரு பழக்கத்தைத் திரும்பச் செய்வது. இவ்வோவியங்களைக் கேலிச்சித்திரம் என்று மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் தவறவிடுவது இதைத்தான் என்பது என் கருத்து. கேலி செய்பவர் பொதுவாக வெளியே நின்று செய்வார். இங்கே வரைபவரின் கையே அந்தச் சுவரொட்டியால் பழக்கப்பட்டது.

பல ஓவியங்களின் மேற்பரப்பு முழுவதும் சிறு எண்கள் வரிசை வரிசையாக அச்சுத்தகடு வைத்துப் பதிக்கப்பட்டிருக்கும். அவற்றுக்குள் மறைபொருள் தேடுவது வீண்வேலை. சரக்குப் பெட்டியின் எண்ணையோ அலுவலக முத்திரையையோ நினைவூட்டி, ‘இதுவும் தயாரித்து அனுப்பப்படும் ஒரு பொருள்தான்’ என்று சொல்லிவிடுவதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது.

வாங் குவாங்யி யார்?

1957இல் ஹார்பின் நகரில் ரயில்வேத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இளமையில் கிராமத்துக்கு அனுப்பப்பட்டு உடலுழைப்பில் ஈடுபட்டவர். தாமும் ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஹாங்சோவிலிருந்த ஜெஜியாங் நுண்கலைக் கல்லூரியில் படித்து 1984இல் பட்டம் பெற்றார். பின்னர் ஹார்பினில் ‘வடக்குக் கலைக்குழு’வின் முன்னணியாளர்களில் ஒருவரானார். அப்போது வரைந்தவை பாப் கலைக்கு நேரெதிரானவை: பனிவெளி போன்ற சாம்பல் நிறத்தில், முகமற்ற கனத்த உருவங்கள்.

பரப்புரைக் கலை இத்தனை ஆழமாகச் சீன மக்களின் நினைவில் பதிந்தது எப்படி?

கலை தொழிலாளர், குடியானவர், படைவீரர் ஆகியோருக்கே பணியாற்ற வேண்டும் என்ற கொள்கையை மாவோ 1942இல் யானான் நகரில் ஆற்றிய உரைகளில் வகுத்தார். 1949க்குப் பின் அதுவே அரசின் கலைக்கொள்கையாயிற்று. 1966இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியில், மாவோவின் மனைவி ஜியாங் சிங்கின் மேற்பார்வையில், அது மேலும் இறுகியது. உருவங்கள் ‘சிவப்பாக, ஒளிமிக்கதாக, பளபளப்பாக’ இருக்க வேண்டும் என்பது விதி. நாயகரின் முகத்தில் நிழல் விழக் கூடாது. ஒளி அவருக்குள்ளிருந்தே வருவதுபோல் தோன்ற வேண்டும். குளிர்ந்த நிறங்கள் எதிரிகளுக்கு உரியவை.

லியு சுன்ஹுவா 1967இல் வரைந்த, இளம் மாவோ நீண்ட அங்கியோடும் கையில் குடையோடும் ஆன்யுவான் சுரங்கத்துக்கு நடந்து செல்லும் ஓவியம் 90 கோடிப் படிகள் அச்சிடப்பட்டதாகச் சொல்வார்கள். அந்த எண்ணிக்கை சற்று ஊதியதாகவே இருந்தாலும், அது தொங்காத சுவர் அரிது என்பதில் ஐயமில்லை. மாவோ பதக்கங்கள், அவருடைய மேற்கோள்களின் தொகுப்பான செந்நூல், தேநீர்க் குவளைகள், கண்ணாடிச் சட்டங்கள் என்று அந்த முகம் வீட்டுக்குள் வந்தது. வணிக விளம்பரம் இல்லாத ஒரு நாட்டில், உலகில் எந்த வணிக நிறுவனமும் தன் சின்னத்தைப் பரப்பியிராத அளவுக்கு ஒரு முகம் பரப்பப்பட்டிருந்தது. பின்னர் வணிகச் சின்னங்கள் வந்தபோது, அவற்றை வாசிக்கும் கண் அங்கே ஏற்கெனவே தயாராக இருந்தது.

1980களின் இறுதியில் இது ஏன் தோன்றியது?

மாவோ 1976இல் இறந்தார். 1978 டிசம்பரில் சீர்திருத்தம் அறிவிக்கப்பட்டது. அதே மாதம் கோகோ கோலா சீனாவுக்குத் திரும்புவதற்கான ஒப்பந்தம் ஆனது. 1979இல் புட்டிகள் வந்து இறங்கின. 1981இல் கம்யூனிஸ்ட் கட்சி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பண்பாட்டுப் புரட்சி பெருங்கேடு என்றும், ஆயினும் மாவோவின் தொண்டுகளே முதன்மையானவை, தவறுகள் இரண்டாம் நிலையின என்றும் அது கூறியது. ஆக, மாவோ அகற்றப்படவும் இல்லை, பழைய பீடத்தில் நீடிக்கவும் இல்லை. அந்த இடைநிலையே பின்னர் ஓவியர்களுக்கு இடம் கொடுத்தது.

1980களின் நடுப்பகுதியில் நாடெங்கும் இளம் கலைஞர் குழுக்கள் முளைத்தன. ஐரோப்பிய மெய்யியலையும் நவீன ஓவியத்தையும் நூறாண்டுக் கணக்கைச் சில ஆண்டுகளில் தீர்ப்பதுபோல் அவர்கள் வாசித்துத் தள்ளினர். 1985இன் இறுதியில் அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ரோஷன்பர்க் பெய்ஜிங் தேசியக் கலைக்கூடத்தில் கண்காட்சி நடத்தினார். அன்றாடக் குப்பையும் அச்சுப் படமும் கலைப்பொருளாகலாம் என்பதைப் பலர் முதன்முறையாக நேரில் கண்டது அங்கேதான். 1987இல் தியனன்மென் சதுக்கத்துக்கு அருகே சியன்மென் பகுதியில் கே.எஃப்.சி.யின் முதல் சீனக் கடை திறந்தது. மாவோவின் நினைவு மண்டபத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவு. எந்த ஓவியரும் இதைவிடத் துல்லியமாக இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்க முடியாது.

1989 பிப்ரவரி 5 அன்று, அதே தேசியக் கலைக்கூடத்தில் ‘சீன முன்னணிக் கலை’ என்ற பெருங்கண்காட்சி தொடங்கியது. 180க்கும் மேற்பட்ட கலைஞர்கள் பங்கேற்றனர். திரும்பிச் செல்லத் தடை என்னும் சாலைக் குறியீடுதான் அதன் சின்னம். திறந்த சில மணி நேரத்திலேயே ஷியாவோ லு என்ற கலைஞர் தம்முடைய படைப்பின்மீதே துப்பாக்கியால் சுட, கண்காட்சி நிறுத்தப்பட்டு, பிறகு மீண்டும் திறக்கப்பட்டது. நான்கு மாதங்களில், ஜூன் 4 அன்று, தியனன்மென் போராட்டம் படையால் ஒடுக்கப்பட்டது. கலையால் நாட்டை மாற்றலாம் என்ற 1980களின் நம்பிக்கை அங்கே முறிந்தது.

1992இன் தொடக்கத்தில், சீர்திருத்தத்தை முன்னின்று நடத்திய தலைவர் டெங் ஷியாவோபிங் தென் மாகாணங்களில் பயணம் செய்து, சந்தைப் பொருளாதாரத்தை விரைவுபடுத்தச் சொன்னார். அரசியல் பேச்சு அடங்கிப்போன நகரங்களில் விளம்பரப் பலகைகள் உயர்ந்தன. அதே ஆண்டு அக்டோபரில் குவாங்சோ நகரில் விமர்சகர் லு பெங் முன்னின்று நடத்திய ஈராண்டுக் கண்காட்சியில் பாப் ஓவியங்கள் பெருமளவில் வந்தன. அரசு நிதியில்லாமல் தனியார் முதலீட்டில், கலைக்கும் ஒரு சந்தை வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லி நடத்திய கண்காட்சி அது.

மாவோவின் உருவத்தின்மீது கட்டம் போட்ட ஓவியம் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அது என்ன?

‘மாவோ சேதுங்: ஏ-ஓ’ என்ற, வாங் குவாங்யி 1988இல் வரைந்து 1989 கண்காட்சியில் வைத்த ஓவியம். அரசு அங்கீகரித்த மாவோ உருவப்படம் மூன்று பகுதிகளாக, சாம்பல் நிறத்தில் வரையப்பட்டிருக்கிறது. அதன்மேல் அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் கட்டங்கள். மூலைகளில் ஏ, ஓ என்னும் இலத்தீன் எழுத்துகள்.

கட்டங்களைச் சிறைக்கம்பி என்று வாசித்தவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் பெரிய உருவப்படம் வரைந்து பழகியவர்களுக்கு அந்தக் கட்டம் வேறொன்றைச் சொல்லும். சிறிய படத்தைப் பெரிய சுவருக்கு மாற்றுவதற்கு மூலப்படத்தில் ஒரு கட்டமும் சுவரில் அதே விகிதத்தில் பெரிய கட்டமும் போட்டு, ஒவ்வொரு சதுரமாகப் பெயர்த்து எழுதுவது தொழில்முறை. நாடெங்கும் மாவோவின் முகம் அவ்வாறே பெரிதாக்கப்பட்டது. வேலை முடிந்ததும் கட்டத்தை அழித்துவிடுவார்கள். தெய்வீகமான முகம் மட்டும் மிஞ்சும். வாங் செய்தது, அழிக்க வேண்டியதை அழிக்காமல் விட்டதுதான். அந்த முகம் தோன்றிய ஒன்றல்ல, தயாரிக்கப்பட்ட ஒன்று என்பது அத்தோடு தெரிந்துவிடுகிறது. அரசியல் பாப் கலையின் மிகச் சிறந்த படைப்பு எது என்று கேட்டால், வணிகச் சின்னம் ஏதுமில்லாத இந்த ஓவியத்தையே நான் சொல்வேன்.

இதே காலத்தில், 1988இல் ஹுவாங்ஷானில் நடந்த கலைஞர் கூட்டத்தில், ‘மனிதநேய உணர்ச்சிப் பெருக்கைத் துப்புரவாக்க வேண்டும்’ என்று வாங் பேசியது பெரும் சர்ச்சையானது. பெரிய உணர்ச்சிகளையும் பெரிய கருத்துகளையும் ஓவியத்தில் ஏற்றி வைத்தது போதும் என்பது அதன் கருத்து. தம்முடைய பழைய ஓவியங்களுக்கும் சேர்த்தே அவர் அதைச் சொன்னார்.

இது ஆண்டி வார்ஹோலைப் பார்த்துச் செய்ததுதானே?

ஓரளவு ஆம். அமெரிக்கப் பாப் ஓவியர் வார்ஹோல் 1972இல் மாவோ உருவங்களை வரையத் தொடங்கினார். அவருக்கு அந்த முகம் கிடைத்தது செந்நூலின் முகப்புப் படத்திலிருந்து. 1980களில் சீனக் கல்லூரி நூலகங்களுக்கு வந்த கலை இதழ்கள் வழியாக இளைஞர்கள் அவற்றைப் பார்த்திருந்தனர். திரும்பத் திரும்ப வருதல், தட்டையான வண்ணம், வணிகச் சின்னம் ஆகியவற்றைப் பயன்படுத்தத் துணிவு கொடுத்தது அமெரிக்கப் பாப் கலைதான்; இதை எந்த ஓவியரும் மறைக்கவில்லை.

வேறுபாடு அனுபவத்தில் இருக்கிறது. வார்ஹோலுக்கு மாவோ, செய்தித்தாளில் வரும் இன்னொரு புகழ்பெற்ற முகம். கோகோ கோலாவோ குழந்தைப் பருவத்திலிருந்து குடித்து வந்தது. சீன ஓவியர்களுக்கு நிலைமை நேர்மாறு. மாவோ குழந்தைப் பருவத்திலேயே உடம்பில் ஊறியவர். கோகோ கோலாதான் புதிதாக வந்த, விலை அதிகமான, கவர்ச்சியான அந்நியர். இதற்கு நெருங்கிய உறவு சோவியத் ஒன்றியத்தில் கிடைக்கும். அங்கே கோமார், மெலமித் என்னும் இரு ஓவியர்கள் 1972 முதல் சோசலிசச் சுவரொட்டி மொழியை வைத்துப் பாப் ஓவியம் வரைந்தனர். கோசலப்போவ் என்ற இன்னொருவர் லெனினின் முகத்தையும் கோகோ கோலா எழுத்தையும் ஒரே விளம்பரமாக்கினார். ஆனால் இவை பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தபின் பெயர் பெற்றவை. சீன ஓவியர்களோ நாட்டுக்குள்ளேயே, அந்தக் கட்சி ஆட்சியில் இருக்கும்போதே, சந்தை கண்முன் திறந்துகொண்டிருந்தபோதே வரைந்தனர்.

புலம்பெயர்ந்த சீனரும் ஒருவர் உண்டு. 1982இல் நியூயார்க் சென்ற ஜாங் ஹோங்டு, 1987இல் குவாக்கர் ஓட்ஸ் டப்பாவில் சிரிக்கும் முதியவருக்கு மாவோவின் தொப்பியையும் சாயலையும் சில தூரிகைக் கோடுகளில் வரைந்துவிட்டார். மாவோ முகத்தைத் தொடும்போது முதலில் குற்றவுணர்வு எழுந்ததாக அவர் பின்னர் கூறியிருக்கிறார். நாட்டைவிட்டு வெகுதொலைவில், யாரும் கேட்காத இடத்தில்கூட அப்படி.

சீனாவுக்குள்ளும் ஒரு முன்னோடி உண்டு: ‘நட்சத்திரங்கள்’ என்ற கலைஞர் குழுவைச் சேர்ந்த வாங் கெபிங் மரத்தில் செதுக்கிய ‘விக்கிரகம்’. புத்தர் சிலைபோலவும் மாவோபோலவும் தோன்றும் அந்தக் கனத்த முகம் 1970களின் முடிவைச் சேர்ந்தது. அதைப் பாப் என்று வகைப்படுத்த முடியாது என்றாலும், முகத்தைத் தொடும் துணிவு அங்கே தொடங்கிவிட்டது.

ஷாங்காய் ஓவியர்கள் எவ்வாறு வேறுபட்டனர்?

அவர்களிடம் கோடு மென்மையானது, நிறம் இனிமையானது, அரசியல் சற்று ஓரமாக வருவது.

யூ யோஹான் 1943இல் ஷாங்காயில் பிறந்து, 2023இல் மறைந்தார். 1980கள் முழுவதும் வட்டத்தை மையமாக வைத்து அருவ ஓவியம் வரைந்தவர், பின் மாவோவுக்கு வந்தார். 1991இல் அவர் வரைந்த ‘ஹுனான் குடியானவர்களுடன் உரையாடல்’, மாவோ தம் சொந்த மாகாணத்து எளிய குடும்பத்தினரிடையே அமர்ந்து சிரித்துப் பேசும், எல்லாருக்கும் தெரிந்த நிழற்படத்தை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் படத்தில் உள்ள எல்லார்மீதும், அவர்களுக்கு இடையிலும், மலிவான அச்சுத் துணியிலும் மெத்தை உறையிலும் காணப்படும் பூக்கள் படர்ந்திருக்கின்றன. மாவோ அந்தப் பூக்களுக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. துணியின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டார். யானான் காலத்திலிருந்து கட்சி நாட்டுப்புறக் கலையின் பூக்களையும் புத்தாண்டுப் படங்களையும் எடுத்துப் பரப்புரைக்குப் பயன்படுத்தியது. யூ யோஹான் பரப்புரையை எடுத்து அதே பூத்துணிக்குத் திருப்பிக் கொடுத்தார். அதில் பகைமை தெரியவில்லை. ஓரளவு பாசமும், ஓரளவு களைப்பும் தெரிகின்றன.

லி ஷான் 1942இல் பிறந்தவர். ஷாங்காய் நாடகக் கல்லூரியில் பணியாற்றியவர். ‘செஞ்சாயம்’ என்ற தொடரில் இளம் மாவோவின் உதடுகளுக்கிடையே ஒரு பூவை வைத்தார். கன்னத்தில் இளஞ்சிவப்பு, கண்களில் மயக்கம். ஆணென்றும் பெண்ணென்றும் சொல்ல முடியாத, நாடக நடிகருக்கு ஒப்பனை செய்ததுபோன்ற முகம். தலைவரைச் சுற்றியிருந்த வழிபாட்டில் அழகின் ஈர்ப்பும் கலந்திருந்தது என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன வேறு ஓவியர் இல்லை. வாங் குவாங்யியின் ஓவியம் முதல் பார்வையிலேயே பிடிபட்டுவிடும்; லி ஷானுடையது பார்க்கப் பார்க்கத்தான் சங்கடப்படுத்தும்.

இவர்கள் மாவோவைப் போற்றுகிறார்களா, பழிக்கிறார்களா?

இக்கேள்விக்கு ஒற்றை விடை கேட்பவர்கள் ஏமாற்றமடைவார்கள். 1990களின் தொடக்கத்தில் சீனாவில் ‘மாவோ காய்ச்சல்’ ஒன்று பரவியது. அவரைப் போற்றும் பழைய பாடல்கள் புதிய தாளத்தோடு ஒலிநாடாவில் வந்து பெருமளவில் விற்றன. வாடகைக் கார் ஓட்டுநர்கள் விபத்திலிருந்து காப்பாற்றும் என்று அவர் படத்தை முன்கண்ணாடியில் தொங்கவிட்டனர். 1993 டிசம்பரில் அவருடைய நூற்றாண்டு வந்தது. ஊழலும் விலையேற்றமும் பார்த்துச் சலித்தவர்களுக்குப் பழைய காலம் நேர்மையானதாகத் தோன்றியது. இளைஞர்களுக்கு அது ஒரு பாணி. லி ஷியன்டிங் இந்தக் காய்ச்சலையும் அரசியல் பாப் ஓவியங்களையும் ஒருங்கே வைத்தே எழுதினார். மாவோவிலிருந்து முற்றிலும் விடுபட முடியாத ஒரு மனநிலை இரண்டிலும் இருப்பதாக அவர் கண்டார்.

வாங் குவாங்யி தாம் நடுநிலையில் நிற்பதாகவே திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறார். அதைத் தப்பித்தல் என்று சிலர் கருதுகின்றனர். ‘பெரும் விமர்சனம்’ ஓவியத்தில் யார் யாரை விமர்சிக்கிறார்கள் என்று பார்த்தால் இந்த நடுநிலையின் பொருள் ஓரளவு விளங்கும். உழைப்பாளர்கள் கோகோ கோலாவைத் தாக்குவதாகவும் கொள்ளலாம். அவர்களே அதன் விளம்பர நடிகர்களாக நிற்பதாகவும் கொள்ளலாம். இரண்டும் ஒரே உடல்மொழி: நிமிர்ந்த தலை, உறுதியான பார்வை, ‘எங்களோடு வா’ என்ற அழைப்பு. கம்யூனிச அரசும் பன்னாட்டு நிறுவனமும் மனிதரை வசப்படுத்தக் கையாண்ட உத்தி ஒன்றுதான் என்ற கண்டுபிடிப்பு, யாருக்கு ஆதரவு என்ற கேள்வியைவிட எனக்குச் சுவையானதாகத் தோன்றுகிறது.

‘இழிநோக்கு யதார்த்தம்’ என்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. அதற்கும் பெயரிட்டவர் லி ஷியன்டிங்தான் என்பதால் குழப்பம் ஏற்படுகிறது. ஃபாங் லிஜுன் வரைந்த மொட்டைத்தலையர்கள், யூ மின்ஜுன் வரைந்த, கண்மூடிப் பல்தெரியச் சிரிக்கும் முகங்கள் ஆகியவை அவ்வகை. அவர்கள் தம்மையும் தம் நண்பர்களையும் வரைந்தனர். பாப் ஓவியர்கள் பொதுவெளியின் படங்களை எடுத்து வரைந்தனர்.

வேறு யாரையெல்லாம் அறிந்துகொள்ள வேண்டும்?

1966இல் பிறந்த ஃபெங் மெங்போவை அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். பண்பாட்டுப் புரட்சி தொடங்கிய ஆண்டில் பிறந்த அவருக்குப் புரட்சி நாடகங்களும் தொலைக்காட்சி விளையாட்டுகளும் ஏறக்குறைய ஒரே அலமாரியில் இருந்த பொருள்கள். 1994இல் ‘ஆட்டம் முடிந்தது: நெடும்பயணம்’ என்ற தலைப்பில், இல்லாத ஒரு விளையாட்டின் திரைகளை வரிசையாக வரைந்தார். நெடும்பயணம் என்பது 1930களில் கம்யூனிஸ்ட் கட்சியின் செம்படை மேற்கொண்ட நீண்ட பின்வாங்கல் பயணம். செம்படை வீரர் ஒருவர் கோகோ கோலா டப்பாவின்மீது ஏறி ஒவ்வொரு நிலையாகக் கடக்கிறார். 2008இல் அதையே உண்மையான, மிக நீண்ட திரையில் விளையாடக்கூடிய படைப்பாக்கினார்; வீரர் எறிவது குண்டுகளை அல்ல, கோகோ கோலா டப்பாக்களை. ‘டாக்சி! டாக்சி!’ என்ற இன்னொரு படைப்பில், பண்பாட்டுப் புரட்சியின் இளைஞர் படையான செங்காவலர்களை நோக்கி மாவோ உயர்த்திய கை, பெய்ஜிங் தெருவில் வாடகைக் காரை நிறுத்துகிறது. வாங் குவாங்யியின் இறுக்கத்துக்குப் பின் இந்தச் சிரிப்பு பெரிய ஆறுதல்.

குவாங்ஷி பகுதியைச் சேர்ந்த லுவோ சகோதரர்கள் மூவர், 1990களின் நடுவில் ‘உலகப் புகழ்பெற்ற வணிகப் பெயர்களை வரவேற்போம்’ என்ற தொடரை அரக்குப் பூச்சுப் பலகைகளில் செய்தனர். புத்தாண்டுப் படத்தில் மீனையும் பீச் பழத்தையும் ஏந்தி நிற்கும் கொழுகொழு குழந்தைகள் இங்கே ஹாம்பர்கரையும் குளிர்பானத்தையும் ஏந்துகின்றன. பின்னால் தியனன்மென் வாயில், சூரியகாந்தி, கதிர்கள். திகட்டத் திகட்டச் செய்வதே நோக்கம். இதற்கும் ‘பகட்டுக் கலை’ என்று தனிப்பெயர் இட்டார் லி ஷியன்டிங். பெயரிடுவதில் அவருக்கு அலுப்பே இருந்ததில்லை.

சிற்பத்தில் சுயி ஜியான்குவோவின் ஆளில்லாத வெற்று மாவோ மேலங்கிகளும், ‘சீனாவில் தயாரிக்கப்பட்டது’ என்ற எழுத்தோடு நிற்கும் சிவப்பு டைனோசரும் உண்டு. ஐ வெய்வெய் 1994இல் பழமையான ஹான் பேரரசுக் காலத்துப் பானையின்மீது கோகோ கோலா எழுத்தை வரைந்ததையும் பலர் இங்கே சேர்க்கிறார்கள். அது இக்கலையின் அண்டை வீடு என்று சொல்வதே சரி.

பெண் கலைஞர்கள் இல்லையா?

முன்னணிப் பெயர்கள் எல்லாம் ஆண்களே. 1993 வெனிஸ் கண்காட்சிக்குச் சென்ற சீனக் கலைஞர்களில் யூ ஹோங் என்ற பெண் ஓவியர் இருந்தார். ஆனால் அவர் வரைந்தது வேறு வகை. மேலே சொன்ன ஷியாவோ லுவின் துப்பாக்கிச் சத்தம் ஒரு காலகட்டத்தின் குறியீடாகப் பேசப்பட்ட அளவுக்கு, அவருடைய படைப்பு ஆண்-பெண் உறவைப் பற்றியது என்பது நெடுநாள் பேசப்படவில்லை. தலைவரும் சந்தையும் என்ற பெரிய கதையில் ஆழ்ந்திருந்த விமர்சகர்களின் கண் அவ்வளவுதான் எட்டியது.

அரசு இவற்றைத் தடை செய்ததா?

ஒட்டுமொத்தத் தடை என்று எதுவும் அறிவிக்கப்படவில்லை. 1990களில் அரசு கலைக்கூடங்களில் இவற்றுக்கு இடமில்லை. வீடுகளிலும் தூதரக வட்டாரங்களிலும் வெளிநாட்டிலும் காட்டப்பட்டன. 2000க்குப் பின் சந்தையும் புதிய தனியார் அருங்காட்சியகங்களும் வளர, நிலைமை தளர்ந்தது. பெய்ஜிங்கிலேயே 2012இல் வாங் குவாங்யிக்கு மீள்பார்வைக் கண்காட்சி நடந்தது. ஆனால் மாவோவின் முகம் என்றும் தனிக்கணக்கு. வார்ஹோலின் படைப்புகள் 2013இல் ஷாங்காயிலும் பெய்ஜிங்கிலும் காட்டப்பட்டபோது மாவோ ஓவியங்கள் மட்டும் வரவில்லை.

அண்மையில் நிலைமை மீண்டும் இறுகியிருக்கிறது. நாட்டின் நாயகர்களையும் தியாகிகளையும் இழிவுபடுத்துவது 2021 முதல் தண்டனைச் சட்டத்தின்கீழ் குற்றம். மாவோ மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பதுபோன்ற சிலைகளால் அறியப்பட்ட காவ் சகோதரர்களில் மூத்தவரான காவ் ஜென், 2022இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்திருந்தவர், சீனா வந்திருந்தபோது 2024 ஆகஸ்டில் கைது செய்யப்பட்டார். அச்சிலைகள் அந்தச் சட்டம் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பு செய்யப்பட்டவை.

இது வெளிநாட்டவருக்கு விற்பதற்காகவே வரையப்பட்டது என்ற குற்றச்சாட்டு உண்மையா?

தொடக்க ஓவியங்களைப் பொறுத்தவரை அக்குற்றச்சாட்டு நிற்காது. 1988லும் 1990லும் இவற்றை வாங்கச் சந்தையே இல்லை. நிலைமை மாறியது 1993இல். அவ்வாண்டு ஜனவரியில் ஹாங்காங்கில் கலைக்கூட நடத்துநர் ஜான்சன் சாங்கும் லி ஷியன்டிங்கும் ‘1989க்குப் பிந்தைய சீனப் புதுக்கலை’ என்ற கண்காட்சியை நடத்தினர். அதே ஆண்டு சிட்னியிலும் வெனிஸ் ஈராண்டுக் கண்காட்சியிலும் ஓவியங்கள் காட்டப்பட்டன. பனிப்போர் முடிந்து, தியனன்மென் நினைவு இன்னும் ஆறாத மேற்குலகுக்கு, மாவோவும் கோகோ கோலாவும் சேர்ந்த படம் விளக்கம் தேவைப்படாத படமாக இருந்தது. சீன விமர்சகர்கள் சிலர் இதையே குறையாகச் சொன்னார்கள்: வெளிநாட்டார் பார்க்க விரும்பும் சீனாவை வரைந்து கொடுக்கிறார்கள் என்று.

அதன் பிறகு வந்தவற்றுக்கு இக்குற்றச்சாட்டு பெருமளவு பொருந்தும். வாங் குவாங்யி அத்தொடரை 2007வரை வரைந்தார். சின்னங்கள் மாறின: ரோலெக்ஸ், ஷனேல், போர்ஷே, சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபின் அந்த அமைப்பின் பெயரும்கூட. உருவங்கள் மாறவில்லை. வாங்குபவர் தமக்குப் பிடித்த சின்னத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்கிற நிலைக்கு அது வந்துவிட்டது. 2007 அக்டோபரில் லண்டன் ஏலத்தில் ‘மாவோ சேதுங்: ஏ-ஓ’ 20 லட்சம் பவுண்டுக்குச் சற்று மேல் விலைபோனது. வணிகச் சின்னத்தை ஆராய்ந்த ஓவியம் தானே வணிகச் சின்னமானதை, இக்கலையின் இயல்பான முடிவு என்று ஆதரவாளர்கள் வாதிடுவர். அந்த வாதம் கெட்டிக்காரத்தனமானது; ஆனால் 1990இன் ஓவியத்தில் இருந்த பதற்றம் 2005இன் ஓவியத்தில் இல்லை என்பதை அது மறைத்துவிடாது.

நடுவே அரசும் தன் பங்கைச் செய்தது. 1999 அக்டோபரில் வெளியான புதிய நாணயத் தாள் வரிசையில், பழைய தாள்களில் இருந்த உழைப்பாளரும் பல இனத்தவரும் அகற்றப்பட்டு, எல்லா மதிப்புகளிலும் மாவோவின் முகம் மட்டுமே இடம்பெற்றது. அதன்பின் மாவோவையும் சந்தையையும் ஒரே தாளில் காண ஓவியரைத் தேட வேண்டியதில்லாமல் போயிற்று.

இன்று இவற்றை எங்கே பார்க்கலாம்?

2021 நவம்பரில் திறந்த ஹாங்காங்கின் எம் பிளஸ் அருங்காட்சியகம் முதலிடம். சீனாவில் சுவிட்சர்லாந்தின் தூதராக 1995 முதல் 1998வரை இருந்த ஊலி சிக், எந்த அருங்காட்சியகமும் சேகரிக்காத காலத்தில் சேகரித்த படைப்புகளில் 1,463ஐ 2012இல் அதற்குக் கொடையாக அளித்தார். யூ யோஹான், வாங் குவாங்யி, லி ஷான் ஆகியோரின் படைப்புகள் அதன் இணையத் தொகுப்பிலும் உள்ளன. ஃபெங் மெங்போவின் விளையாட்டு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.

இணையத்தில் தேடுபவர்கள் தலைப்பை மட்டும் நம்ப வேண்டாம். ‘பெரும் விமர்சனம்: கோகோ கோலா’ என்ற பெயரில் எண்ணெய் வண்ண ஓவியங்களும் பிற்கால அச்சுப் படிகளும் பல உள்ளன. விவரக் குறிப்பில் ஆண்டையும் ஊடகத்தையும் முதலில் பாருங்கள். 1990களின் தொடக்கத்தைச் சேர்ந்த ஒன்றையும் 2000க்குப் பிந்தைய ஒன்றையும் எடுத்து, கருப்புக் கோட்டின் ஓரங்களையும் எண்கள் பதிந்திருக்கும் விதத்தையும் பெரிதாக்கி ஒப்பிட்டால், பழையதில் இருந்த பதற்றம் பின்னதில் இல்லை என்று மேலே சொன்ன வேறுபாடு உண்மைதானா என்பதை நீங்களே சோதித்துக்கொள்ளலாம்.